சொட்டுக் கம்பெனிக்கு இரண்டு விலை

பங்குதாரர் கூட்டம் காலை பத்து மணிக்கு. ஒன்பதே காலுக்கே ஹோட்டல் அரங்கில் பாதி நாற்காலி நிரம்பிவிட்டது. மற்ற வருஷங்களில் வருகிறவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு, கொடுக்கிற பையை வாங்கிக்கொண்டு, தலைவர் பேச எழுந்ததும் ஒவ்வொருவராக நழுவிவிடுவார்கள். அன்றைக்குக் காப்பி மேஜைப் பக்கம் ஈ காக்கை இல்லை. ஆளுக்கு ஒரு காகிதக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு, எல்லாரும் கடுகடுவென்று மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது வரிசை ஓரத்தில் ரிஜெக்ட் அக்கா தன் கணவரோடு உட்கார்ந்திருந்தாள். அது கம்பெனியில் அவளுக்கு வைத்த பேர். பதினெட்டு வருஷம் சோதனைப் பிரிவு அவள் கையில் இருந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு கருவியாகப் பார்ப்பாள். மயிரிழை பிசகினாலும் சிவப்பு முத்திரையைக் குத்தித் திருப்பி அனுப்பிவிடுவாள். தயாரிப்புப் பிரிவுக்காரர்கள் வயிற்றெரிச்சலில் வைத்த பேர் அது. வேலையை விட்டு இரண்டு வருஷமாகியும் பேர் அவளை விடவில்லை.

கணவரை எல்லாரும் வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கம்பெனியை ஆரம்பித்தது அவருடைய சொந்தத் தம்பி. ஆரம்பித்த நாளில் தம்பியிடம் இருந்தது ஒரு மேஜையும் ஒரு யோசனையும்தான். மருத்துவமனையில் டிரிப்ஸ் ஏற்றும்போது விழுகிற சொட்டுகளை ஒரு சின்னக் கருவி எண்ணும். சொட்டு குறைந்தால் குழாயைக் கொஞ்சம் திறந்துவிடும், கூடினால் இறுக்கும். நர்ஸ் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வாத்தியார் தன் சேமிப்பை எடுத்துக் கொடுத்தார். அதற்குப் பங்கு எழுதிக் கொடுத்தான் தம்பி. அந்தப் பங்கு இன்றைக்கு மொத்தத்தில் நூற்றுக்கு நாலு. கம்பெனிக்குப் பெரிய ஆங்கிலப் பேர் ஒன்று இருந்தாலும் ஊர்வாயில் அது சொட்டுக் கம்பெனிதான்.

இப்போது அந்தச் சொட்டுக் கம்பெனியை விலைக்குக் கேட்டு இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒன்று, முதலீட்டு நிறுவனம். பங்குக்கு எழுபத்தொரு ரூபாய் தருகிறேன் என்றது. இன்னொன்று, பல தேசங்களில் மருத்துவக் கருவி செய்து விற்கிற பெரிய கம்பெனி. எண்பத்துநாலு தருகிறேன் என்றது. இயக்குநர் குழு எழுபத்தொன்றுக்கே கொடுத்துவிடலாம் என்று பரிந்துரை செய்து கடிதம் போட்டிருந்தது. அந்தக் கடிதம்தான் இத்தனை பேரையும் கிளப்பிக்கொண்டு வந்து உட்கார வைத்திருந்தது.

"கேள்வியை மனப்பாடம் பண்ணிட்டியா?" என்று வாத்தியார் காதில் கேட்டார்.

"பேப்பர்தான் கையில இருக்கே."

"பேப்பரைப் பார்த்துப் படிச்சா ஏமாத்திடுவான். முகத்தைப் பார்த்துக் கேக்கணும். எனக்குக் கோபம் வந்தா நாக்குக் குழறும், இல்லைன்னா நானே கேட்டிருப்பேன்."

கட்டம் போட்ட தாளில் சிவப்பு மையால் மூன்று கேள்வி எழுதிக் கொடுத்திருந்தார். முதலீட்டுக்காரர்கள் தம்பிக்குத் தனியாக என்ன வாக்குக் கொடுத்தார்கள் என்பதுதான் மூன்றின் சாரமும். அண்ணன் தம்பி இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அதற்குக் காரணம் அக்காதான். மூன்றாம் மாடல் கருவிக்கு அவள் சிவப்பு முத்திரை குத்தினாள். கொழுந்தன் அதை மீறி விற்பனைக்கு அனுப்பினான். அவள் குரலை உயர்த்தினாள். மறு மாதமே அவளைச் சோதனைப் பிரிவிலிருந்து தூக்கிப் பயிற்சிப் பிரிவு என்ற காலி அறையில் போட்டார்கள். அவள் ராஜினாமாக் கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு வந்தவள், அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சொன்னபடியே இருந்தாள்.

பத்து மணிக்கு மேடைக்கு வந்தான் கொழுந்தன். கம்பெனித் தலைவர் என்ற முறையில் நடு நாற்காலி. இளைத்திருந்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மூன்றாவது வரிசைப் பக்கம் மட்டும் பார்க்காமல் சபையைச் சுற்றிப் பார்த்தான். மேடைக்குக் கீழே இடப்பக்கம் முதலீட்டு நிறுவனத்து ஆள், பளபளக்கும் ஷூ போட்ட காலை ஆட்டியபடி. வலப்பக்கம் பெரிய கம்பெனியின் பிரதிநிதி, சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒரு பெண்மணி. இருவரும் கேள்விக்குப் பதில் சொல்ல அழைக்கப்பட்டவர்கள். ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்ளக்கூட இல்லை.

தலைவர் வரவேற்புரையை முடிப்பதற்குள்ளேயே முதல் மைக்கை ஒருவர் பிடித்துவிட்டார். பல் டாக்டர். இருபதாயிரத்துச் சொச்சம் பங்கு வைத்திருப்பவர். ஒவ்வொரு கூட்டத்திலும் நாலு கேள்வியாவது கேட்காமல் உட்காராதவர்.

"தலைவர் அவர்களே, ஒரே ஒரு சந்தேகம். எண்பத்துநாலு பெருசா, எழுபத்தொண்ணு பெருசா? ஒண்ணாங்கிளாஸ் பிள்ளையைக் கேட்டாலே சொல்லிடும். உங்க போர்டுல ஒன்பது பேர் உக்காந்து யோசிச்சு எழுபத்தொண்ணுன்னு சொல்லியிருக்கீங்க."

சபை சிரித்தது. அந்தச் சிரிப்பில் துளிக்கூட நல்லெண்ணம் இல்லை.

"விலை மட்டும் பார்க்க முடியாது, டாக்டர். எழுபத்தொண்ணு உறுதியான ஆஃபர். கையெழுத்துப் போட்ட பத்தாவது நாள் உங்க கணக்குல வந்துடும். எண்பத்துநாலு நிபந்தனையோட வர்றது. ஆறு வாரம், எட்டு வாரம் ஆகலாம். நடுவுல அவங்க மனசு மாறினா நாம நட்டாத்துல நிப்போம்."

"ஆறு வாரம் காத்திருக்க எங்களுக்குத் தெரியும். பதிமூணு ரூபாயைப் பத்திப் பேசுங்க, பதிமூணு! பங்குக்குப் பதிமூணை ஏன் விட்டுக்கொடுக்கணும்? ஒரு பல்லைப் பிடுங்குறதா இருந்தாக்கூட நாங்க முதல்ல மரத்துப்போக ஊசி போடுவோம். நீங்க அதுகூடப் போடாம பிடுங்குறீங்களே!"

கைதட்டல் கூரையைத் தொட்டது. பல் டாக்டர் விடவில்லை. கடிதத்தின் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததை எடுத்து வாசித்தார். முதலீட்டு நிறுவனம் வாங்கினால் இன்றைய தலைவர் ஐந்து வருஷத்துக்குச் சிறப்பு ஆலோசகராக இருப்பார், இன்றைய சம்பளத்தோடு.

"பெரிய கம்பெனி வாங்கினா உங்களுக்கு என்ன பதவி?"

தலைவர் மென்று முழுங்கினார். "எதுவும் பேசல."

"ஆக, எங்களுக்கு அடிமாட்டு விலை. உங்களுக்கு அஞ்சு வருஷச் சோறு!"

அவ்வளவுதான். அரங்கம் பொங்கிவிட்டது. "வெட்கமா இல்லையா!" "யார் தலையில மிளகாய் அரைக்கப் பாக்கிறீங்க!" என்று நாலா பக்கமும் குரல். கடைசி வரிசையில் ஒருவர் நாற்காலி மேலேயே ஏறி நின்றார். முதலீட்டு நிறுவனத்து ஆள் எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார், "உக்காருய்யா!" என்று பத்துக் குரல் ஒரே நேரத்தில் அவரை உட்கார வைத்தது. வாத்தியார் முகத்தில் இரண்டு வருஷமாகக் காணாத வெளிச்சம். மனைவியின் முழங்கையில் இடித்தார். "பார்த்தியா? நான் சொல்லல? பதவிக்கு விலை போயிட்டான்."

அக்காவும் அப்படித்தான் நினைத்தாள். நினைத்ததோடு கொஞ்சம் சந்தோஷமும் பட்டாள்; அதை அவள் பிறகு மறைக்கவும் இல்லை. ஒன்பதாவது ஆளாக அவளுக்கு மைக் வரும். தாளை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டாள்.

ஐந்தாவது ஆளாகப் பேசிய ஒருவர் கேள்வியைச் சாம்பல் கோட்டுப் பெண்மணி பக்கம் திருப்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. உங்க நிபந்தனைதான் என்ன? அப்படி என்ன தீராத நிபந்தனை?"

பெண்மணி எழுந்து நிதானமாகச் சொன்னார். "பெருசா ஒண்ணும் இல்லைங்க. கிடங்குல இருக்கிற மூணாம் மாடல் பெட்டியில முப்பதை நாங்களே கை வச்சு எடுப்போம். எங்க லேபுல வச்சு வழக்கமான சோதனை எல்லாம் பண்ணுவோம். ஈரம், வெப்பம், அதிர்வு, சாய்வு. எந்தக் கம்பெனியை வாங்கினாலும் இது எங்க நடைமுறை. இதுக்குச் சம்மதிக்கச் சொல்லி மூணு கடிதம் போட்டோம். பதில் வரல."

"தொழில் ரகசியம் வெளியே போயிடும்," என்றான் கொழுந்தன். கொஞ்சம் வேகமாகவே சொல்லிவிட்டான். "நாளைக்கே இவங்க வாங்கலைன்னா நம்ம கருவி பூரா அவங்க லேபுல பிரிச்சுப் போட்டுக் கிடக்கும்."

"கடையில காசு குடுத்தா யார் வேணாலும் வாங்கலாமே உங்க கருவியை! அதுல என்னய்யா ரகசியம்?" என்றார் பல் டாக்டர் உட்கார்ந்த இடத்திலிருந்து.

மறுபடி சிரிப்பு. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. சாய்வு என்ற ஒரு சொல் அவள் காதில் விழுந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

முதல் இரண்டு மாடலிலும் சொட்டு விழுகிற குப்பிக்குள் இரண்டு ஒளிக்கதிர் குறுக்கும் நெடுக்குமாகப் பாயும். சொட்டு எங்கே விழுந்தாலும் ஒன்றிலாவது மாட்டும். மூன்றாம் மாடலில் செலவைக் குறைக்க ஒரு விளக்கை எடுத்துவிட்டார்கள். கருவி நேராக நிற்கும்வரை ஒரு குறையும் இல்லை. டிரிப்ஸ் கம்பி கொஞ்சம் சாய்ந்தால், குப்பியும் சாய்ந்து, சொட்டு ஓரத்துச் சுவரில் போய் விழும். ஒற்றைக் கதிர் அதைப் பார்க்காது. சொட்டே விழவில்லை என்று நினைத்துக் கருவி குழாயை இன்னும் திறந்துவிடும். மருந்து அளவுக்கு மேல் உடம்பில் இறங்கும். அவள் சிவப்பு முத்திரை குத்தியது அதற்குத்தான். ஐந்து சொட்டில் ஒரு சொட்டு தப்புகிறது என்று எழுதியும் கொடுத்தாள். அவள் ராஜினாமா செய்த வாரம் கொழுந்தன் இவர்கள் வீட்டுக்குப் போன் பண்ணி, "அண்ணி சொன்னதைச் சரி பண்ணிட்டோம், இனிமேலாவது கோபம் வேண்டாம்" என்று வாத்தியாரிடம் சொன்னான். அதுதான் அண்ணனும் தம்பியும் கடைசியாகப் பேசியது.

சரிசெய்த கருவியைச் சோதிக்கக் கொடுக்க இவன் ஏன் இப்படிப் பயப்படுகிறான்? முதலீட்டுக்காரர்கள் சோதனையே கேட்கவில்லை. அதனால்தான் அவர்கள் வேண்டுமா? பதவி வெறும் ஒப்புக்கா?

இரண்டு வருஷமாக ஒரு நாளாவது ஒரு கருவியை வாங்கிப் பிரித்துப் பார்த்திருக்கலாம். மானம் பெரிதென்று இருந்துவிட்டோமே என்று நினைத்தாள்.

"ஒன்பதாவது கேள்வி," என்றார் கம்பெனிச் செயலாளர்.

அக்கா எழுந்து போனாள். தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். கொழுந்தன் அப்போதுதான் அவளை நேருக்கு நேர் பார்த்தான்.

"தலைவர் அவர்களே, மூணாம் மாடல்ல இப்போ ஒத்தை விளக்கா, ரெட்டை விளக்கா?"

சபையில் சலசலப்பு. வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்தார்; இது அவர் எழுதிக் கொடுத்த கேள்வி இல்லை.

"இது விலையைப் பத்தின கூட்டம். தொழில்நுட்பக் கேள்வியை எழுத்துல குடுத்தா..."

"ஒத்தையா, ரெட்டையா? ஒரு வார்த்தை போதும்."

"அண்ணி, இதை வெளியே பேசலாம்," என்றுவிட்டான் மைக்கிலேயே.

அரங்கம் குபுக்கென்று கொதித்தது. "அண்ணியா?" "அப்போ இது குடும்ப நாடகமா?" "வீட்டுச் சண்டையை வீட்டுல வச்சுக்குங்க! எங்க பணத்துல வந்து ஏன் ஆடுறீங்க?" இதுவரை மேடையைப் பார்த்துச் சீறிய முகங்களெல்லாம் மைக் பக்கம் திரும்பின.

அக்கா நகரவில்லை. அவள் குரல் பெரிய குரல் இல்லை. ஆனாலும் எந்திரச் சத்தத்துக்கு நடுவே பதினெட்டு வருஷம் பேசிப் பழகிய குரல். கருவி சாய்ந்தால் என்ன ஆகும் என்று நாலு வாக்கியத்தில் சொன்னாள். ரிப்போர்ட் எழுதிய தேதியைச் சொன்னாள். அது சரிசெய்யப்பட்டதா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றாள்.

பல் டாக்டர் இரண்டே எட்டில் அவள் முன் வந்து நின்றார். "அம்மா, நீங்க யார் பக்கம்? எண்பத்துநாலு குடுக்கிறவங்களை இங்கேயே பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு, நம்ம சரக்கு ஓட்டைன்னு நீங்களே மைக்குல சொல்றீங்க! கடைக்காரன் வாசல்ல நின்னு என் பருப்பு புழுத்துப்போச்சுன்னு கூவுவானா?"

"நீங்க டாக்டர்தானே. உங்க வீட்டுல ஒருத்தருக்கு இந்தக் கருவியை மாட்டினா, எனக்கு ஏன் சொல்லலைன்னு கேக்க மாட்டீங்களா?"

"ஆதாரம் இல்லாம பேசாதீங்க. இருபது வருஷச் சேமிப்பு இதுல போட்டிருக்கேன்." அவர் கத்துவது கோபத்தில் இல்லை, பயத்தில் என்று பக்கத்தில் நின்ற அவளுக்கு மட்டும் தெரிந்தது. "மைக்கை அணைங்கய்யா!" என்று பின்னாலிருந்து யாரோ கத்த, செயலாளர் நிஜமாகவே அணைத்துவிட்டார்.

அக்கா அணைந்த மைக்கை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சபையின் வாசல் பக்கம் கை காட்டினாள். பங்குதாரர்கள் பார்ப்பதற்காக அங்கே ஒரு டிரிப்ஸ் கம்பியில் தண்ணீர்ப் பையைத் தொங்கவிட்டு, புத்தம்புதிய மூன்றாம் மாடல் கருவி ஒன்றை மாட்டி ஓடவிட்டிருந்தார்கள். கீழே பிளாஸ்டிக் வாளி. கருவியின் முகத்தில் பச்சை எண்கள் ஒன்றொன்றாக ஏறிக்கொண்டிருந்தன.

"ஆதாரம் அங்கேயே இருக்கு, டாக்டர். நீங்களே எண்ணுங்க. நான் தொடக்கூட மாட்டேன்."

பல் டாக்டருக்குப் பின்வாங்க வழியில்லை. விறுவிறுவென்று நடந்தார். அவர் பின்னால் ஐம்பது பேர். கொழுந்தன் மேடையிலிருந்து, "கூட்டம் நடக்கும்போது இது முறை இல்லை, தயவுசெஞ்சு உக்காருங்க" என்று கேட்டுக்கொண்டது யார் காதிலும் ஏறவில்லை. சாம்பல் கோட்டுப் பெண்மணியும் எழுந்து வந்தார்.

டாக்டர் முதலில் கம்பி நேராக இருக்கும்போது எண்ணினார். இவர் இருபத்தைந்து எண்ண, கருவியும் இருபத்தைந்து ஏறியது. "பார்த்தீங்களா!" என்று வெற்றிப் பெருமிதத்தோடு திரும்பினார்.

"இப்போ கம்பியைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க. நோயாளி புரண்டு படுத்தா, கட்டிலைத் தள்ளிக்கிட்டுப் போனா எவ்வளவு சாயுமோ, அவ்வளவு போதும்."

டாக்டர் சாய்த்துப் பிடித்து, உரக்க எண்ணினார். "ஒண்ணு... ரெண்டு... மூணு..." கூட்டமும் சேர்ந்து எண்ணியது. ஏழாவது சொட்டில் பச்சை எண் அப்படியே நின்றது. சொட்டு விழுந்தது, எண் ஏறவில்லை. அடுத்த சொட்டில் மறுபடி ஏறி, பன்னிரண்டாவதில் மறுபடி தப்பவிட்டது. பதினைந்து தாண்டியதும் கூடச் சேர்ந்து எண்ணிய குரல்கள் ஒவ்வொன்றாக அடங்கின. டாக்டர் மட்டும் தனியாக எண்ணிக்கொண்டு போனார். கருவி உள்ளே குழாயைத் திறந்துவிட, சொட்டுகள் வேகம் பிடித்து ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு விழுந்தன. இருபத்தைந்து என்று அவர் சொல்லி நிறுத்தியபோது கருவியில் பத்தொன்பதுதான் ஏறியிருந்தது.

வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. டாக்டர் கம்பியை விட்டுவிட்டுக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு அக்கா பக்கம் திரும்பினார். நன்றி சொல்லப்போகிறார் என்று யாராவது நினைத்திருந்தால் ஏமாந்திருப்பார்கள்.

"நல்லா இருங்கம்மா," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "அத்தனை பேர் குடியையும் ஒரே காலையில கெடுத்துட்டீங்க."

அதற்குள் முதலீட்டு நிறுவனத்து ஆள் போனைக் காதில் வைத்தபடி வெளியேறிவிட்டார். சாம்பல் கோட்டுப் பெண்மணி கருவியின் அடியில் இருந்த எண்ணைக் குறித்துக்கொண்டு கிளம்பினார். கூட்டத்தை ஒத்திவைப்பதாகச் செயலாளர் அறிவித்தார். காலையில் தலைவரின் சட்டையைப் பிடிக்கக் கிளம்பி வந்தவர்கள் இப்போது அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு வயதான அம்மாள், "என் பெண்ணு கல்யாணத்துக்கு வச்சிருந்தேன், உனக்கு நான் என்ன பாவம் செஞ்சேன்?" என்று அழுதாள். அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.

பக்கவாட்டு நடையில் கொழுந்தன் நின்றுகொண்டிருந்தான். கழுத்துப்பட்டையைத் தளர்த்தியிருந்தான்.

"திருப்தியா, அண்ணி?"

"சரி பண்ணிட்டேன்னு உங்க அண்ணன்கிட்டச் சொன்னீங்களே, தம்பி."

"சொன்னேன். பதினோராயிரம் கருவி வெளியே போயிடுச்சு அப்போ. அத்தனையும் திரும்ப எடுத்தா கம்பெனி அன்னிக்கே மூடணும். எழுநூறு பேர் வேலை. அடுத்த வருஷம் பண்ணலாம், அடுத்த வருஷம் பண்ணலாம்னு தள்ளினேன். யாராவது வாங்கிட்டா அவங்க தலையோட போகட்டும்னு நினைச்சேன்."

"படுத்திருக்கிறவங்க?"

"ரெண்டு ஆஸ்பத்திரியில இருந்து புகார் வந்தது. நர்ஸுங்க கவனிச்சுட்டாங்க. ஒண்ணும் ஆகல." கண்ணைத் தாழ்த்தினான். உடனே நிமிர்த்தினான், இந்தத் தடவை அதில் நெருப்பு இருந்தது. "என்னை மட்டும் கூண்டுல ஏத்தாதீங்க. நீங்க சோதிச்சுப் பார்க்காத கருவியா? நான் சொன்னதை நம்பினா உங்களுக்கு வசதி. நம்பிட்டு வீட்டுல உக்காந்தீங்க. ஒரு நாள்... ஒரே ஒரு நாள் வந்து பார்த்தீங்களா?"

அவன் பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டான்.

வாத்தியார் காரை ஓட்டினார். சிவப்பு சிக்னலில் நின்றபோது, "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்," என்றார்.

"கேட்டிருந்தா?"

"வேண்டாம்னு சொல்லியிருப்பேன்."

"அதான் கேக்கல."

பின்னால் வந்த வண்டி ஹாரன் அடித்த பிறகுதான் சிக்னல் மாறியதையே அவர் கவனித்தார். அன்றைக்கும் மறுநாளும் அவர் அவளோடு சாப்பிட உட்காரவில்லை. மூன்றாம் நாள் காலை அவராகவே பழைய அலமாரியைக் கிளறி, அவளுடைய ரிப்போர்ட்டின் நகலைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து மேஜையில் போட்டார். "விசாரணைக்கு வருவாங்க. தேதி வாரியா அடுக்கி வை," என்றார். சமாதானம் என்று அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்க்கவும் முடியாது.

முதலீட்டு நிறுவனம் அந்த வாரமே ஆஃபரைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பெரிய கம்பெனி கழன்றுகொள்ளும் என்று எல்லாரும் நினைத்தார்கள், அது போகவில்லை. முப்பது பெட்டியை எடுத்துப் போய்ச் சோதித்தது. ஏழு வாரம் கழித்து நாற்பத்தாறு என்று புது விலையோடு வந்தது. வெளியே போன மூன்றாம் மாடல் அத்தனையும் திரும்ப எடுக்கப்பட வேண்டும், இன்றைய தலைவர் விலக வேண்டும் என்று இரண்டு நிபந்தனை. இரண்டாவது கூட்டம் கம்பெனிச் சாப்பாட்டுக்கூடத்திலேயே நடந்தது. சபதத்தை விட்டுவிட்டு அக்காவும் அந்த வாசலை மிதித்தாள். ஒருவரும் கத்தவில்லை. பல் டாக்டர் கேள்வி கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு ஆதரவு என்று வோட்டுச் சீட்டில் குறித்துவிட்டு, அக்காவைக் கடந்து போகும்போது, "முப்பத்தெட்டு," என்று மட்டும் சொன்னார். எண்பத்துநாலுக்கும் நாற்பத்தாறுக்கும் உள்ள தூரம். கெட்ட வார்த்தையைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

கொழுந்தன் மேல் விசாரணை நடக்கிறது. அவன் மனைவி, அக்காவின் ஓரகத்தி, ஒரு மத்தியானம் போன் பண்ணினாள். "ரிஜெக்ட் பண்றதுக்கு உங்களுக்குக் கருவி போதலை, எங்க குடும்பத்தையும் சேர்த்துப் பண்ணிட்டீங்க. இனிமே நல்லது கெட்டதுக்குக்கூட எங்க வீட்டு வாசல்ல கால் வைக்காதீங்க." அக்கா கடைசிவரை கேட்டாள். மறுபக்கம் போனை வைத்த பிறகுதான் இவள் வைத்தாள்.

புதிய முதலாளிகள் கருவிகளைத் திரும்ப எடுக்கும் வேலைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். பழைய பதவியும் இல்லை, பழைய அறையும் இல்லை. ஒரு வேன், ஒரு பட்டியல், மாற்றிக் கொடுக்க ரெட்டை விளக்குக் கருவிகள் நிறைந்த அட்டைப்பெட்டிகள். ஒவ்வொரு மருத்துவமனையாக, ஒவ்வொரு வார்டாகப் போக வேண்டும். அவள் போனாள்.

ஒன்பதாவது மருத்துவமனையில், பெண்கள் வார்டில், பொறுப்பு நர்ஸ் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவள் வேலை செய்வதையே பார்த்தாள். படுக்கை படுக்கையாகப் பழைய கருவியைக் கழற்றிப் புதியதை மாட்டி, கம்பியைச் சாய்த்து எண்ணிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போய்க்கொண்டிருந்தாள் அக்கா.

"இது கோளாறுன்னு எப்போ தெரியும் உங்களுக்கு?" என்றாள் நர்ஸ்.

"ரெண்டு வருஷம் முன்னாடி."

"ரெண்டு வருஷமா! இந்த வார்டுல மட்டும் எத்தனை பேர் வந்து படுத்துட்டுப் போயிருப்பாங்கன்னு தெரியுமா? என் மருமக இதோ இந்தக் கட்டில்லதான் ஒன்பது நாள் கிடந்தா. இப்போ வந்து ஆடி அசைஞ்சு மாத்துறீங்க!"

"தப்புதாங்க," என்றாள் அக்கா.

"தப்புதாங்கன்னா? அவ்வளவுதானா?"

அக்கா கருவி மாற்றியதற்கான படிவத்தை நீட்டினாள். நர்ஸ் அதைப் பிடுங்கி, முகத்தைப் பார்க்காமல் கையெழுத்தைக் கிறுக்கி, திருப்பி அவள் கையில் திணித்தாள். அந்த வார்டில் இன்னும் பதினாறு படுக்கை இருந்தது. அக்கா அட்டைப்பெட்டியைக் காலால் தள்ளிக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போனாள்.